‘பால் ஊத்திடறேன்’ என்றால் யாருக்கு?

போன திங்கட்கிழமை காலை. என் வக்கீல் ஆபீஸில் குமாஸ்தா அன்றைய கேஸ் கட்டுகளை எடுத்து அடுக்கிக்கொண்டிருக்கும்போதே ஒரு பெரியவர் வாசலில் வந்து நின்றார். நெல்லிக்குப்பம் பக்கம். தச்சு வேலை செய்து ஓய்ந்தவர். இடது கட்டைவிரலில் நகம் பாதிதான் இருந்தது. உட்காருங்கள் என்று சொல்வதற்குள் மஞ்சள் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தார். வாட்ஸப் ஸ்கிரீன்ஷாட்டைப் பிரிண்ட் எடுத்து, அந்தப் பிரிண்டை மறுபடி ஜெராக்ஸ் எடுத்தது. நடுவில் ஒரே ஒரு வரி. அதன் அடியில் பேனாவால் இரண்டு கோடு.

“இந்த ஞாயித்துக்கிழமையோட பால் ஊத்திடறேன்.”

எழுதியவர் இவர். வாங்கியவர் புதுச்சேரி அரியாங்குப்பத்தில் இருக்கும் தம்பி. புகார் கொடுத்தவர் தம்பியின் மனைவி. புகார் மனுவில் இந்த வரி இப்படி ஆகியிருந்தது: ‘எனது கணவருக்கு வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் பால் ஊற்றிவிடுவதாகக் கொலை மிரட்டல் விடுத்துள்ளார்.’ மனு எழுதிக் கொடுத்தவர் நல்ல தமிழில்தான் எழுதியிருக்கிறார். ஆனால் ‘எனது கணவருக்கு’ என்ற இரண்டு சொல் மூலத்தில் இல்லை.

“வக்கீலம்மா, பிரச்சினைக்குப் பால் ஊத்தறேன்னு சொன்னேன். தம்பிக்கு ஊத்துவேனா? அவனைத் தோள்ல தூக்கிட்டுப் போய்ப் பள்ளிக்கூடத்துல விட்டவன் நான்” என்றார். அந்தப் பக்கத்து ஸ்டேஷனிலிருந்து இரண்டு தடவை போன் வந்துவிட்டதாம். ராத்திரி சாப்பிடவில்லையாம்.

இந்த ரகத்தில் இந்த மாதம் மட்டும் எனக்கு இது நான்காவது. கடலூரில் இருபது வருஷத்துக்கு மேல் பிராக்டிஸ் செய்கிறேன். வரப்புத் தகராறு, செக் கேஸ், ஜீவனாம்சம் என்று போய்க்கொண்டிருந்த ஆபீஸில் இப்போது பாதி நேரம் உட்கார்ந்து மெசேஜுக்குப் பொழிப்புரை சொல்லிக்கொண்டிருக்கிறேன். பொறுமை போய்விட்டது, அதனால்தான் எழுதுகிறேன். (ஆட்கள் அடையாளம் தெரியாதபடி ஊரையும் உறவையும் அங்கங்கே மாற்றியிருக்கிறேன். ‘இது நான்தானே’ என்று யாரும் போன் செய்ய வேண்டாம்.)

நம் பேச்சை ஒரு நாள் காது கொடுத்துக் கேளுங்கள். குழந்தை அடம் பிடித்தால் ‘உயிரை வாங்குது’. ஒருவர் நீட்டி முழக்கிப் பேசினால் ‘கழுத்தறுக்கறார்’. கூட்டாளி ஏமாற்றினால் ‘முதுகுல குத்திட்டான்’. மேனேஜர் திட்டினால் ‘தோலை உரிச்சுட்டார்’. வியாபாரம் படுத்தால் ‘சங்கு ஊதியாச்சு’. இத்தனை ரத்தக்களரிக்கும் நடுவில் ஒருவருக்கும் ஒரு கீறல் கிடையாது. காரணம், பேசுகிறவர் முகம் தெரிகிறது, குரல் கேட்கிறது, சொல்லிவிட்டு அவரே டீ வாங்கிக் கொடுக்கிறார்.

அதே சொல் எழுத்தில் போகும்போது முகம் போகாது. இது எல்லோருக்கும் தெரிந்ததுதான், அதை விளக்கப் போவதில்லை. நான் சொல்ல வருவது வேறு. தமிழில் ‘யாரை’, ‘எதை’ என்பதைச் சொல்லாமலே வாக்கியம் முடிந்துவிடும். ‘முடிச்சுடறேன்.’ ‘தூக்கிடலாம்.’ ‘நாளைக்குப் பாத்துக்கறேன்.’ எதை முடிக்கிறார்? கணக்கையா, ஆளையா? எதைத் தூக்குகிறார்? டெண்டரையா, பையனையா? எதிரில் நின்று பேசும்போது விட்டுப்போன சொல்லைச் சூழ்நிலை நிரப்பிக்கொள்ளும். போனில் வாசிக்கும்போது வாசிக்கிறவரின் பயம் நிரப்பிக்கொள்ளும். அந்தப் புகாரில் ‘எனது கணவருக்கு’ என்று வந்து உட்கார்ந்ததே, அது இதுதான்.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். எங்கள் பக்கம் வாய்த்தகராறு, கைகலப்பு என்று எந்த எஃப்.ஐ.ஆரை எடுத்தாலும் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 294(பி) (ஆபாசமாகத் திட்டுவது), 323 (அடிப்பது), 506(2) (கொலை மிரட்டல்) மூன்றும் இட்லி, சட்னி, சாம்பார் மாதிரி சேர்ந்தே வரும். 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டம் வந்து நம்பர்கள் 296, 115, 351 என்று மாறின, சேர்க்கை மாறவில்லை. இதில் மிரட்டலுக்கானது 351. சாதாரண மிரட்டல் என்றால் இரண்டு வருஷம் வரை. கொன்றுவிடுவேன், கொடுங்காயம் உண்டாக்குவேன் என்ற வகை மிரட்டல் என்றால் ஏழு வருஷம் வரை. ஆனால் வார்த்தை மட்டும் போதாது. எதிராளியைப் பயமுறுத்த வேண்டும் அல்லது மிரட்டிக் காரியம் சாதிக்க வேண்டும் என்ற நோக்கம் இருக்க வேண்டும். பெங்களூரு போக்குவரத்துக் காவல் துறையின் முகநூல் பக்கத்தில் காட்டமாக எழுதிய ஒரு தம்பதி மீதான வழக்கை 2015இல் உச்ச நீதிமன்றம் இந்த அடிப்படையில்தான் ரத்து செய்தது.

அப்போ பயமில்லையே என்று எழுந்துவிடாதீர்கள். நோக்கம் இல்லை என்று கோர்ட் சொல்வது கடைசியில். அதற்கு முன்னால் புகாரைப் பெற்றதற்கு ஸ்டேஷனில் தரும் சி.எஸ்.ஆர். ரசீது, விசாரணைக்கு அலைச்சல், வழக்குப் பதிவானால் வாய்தா. வெளிநாட்டு வேலைக்குப் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்திருக்கும் பையனே மெசேஜ் அனுப்பியவன் என்றால் போலீஸ் வெரிஃபிகேஷனில் அது வந்து நிற்கும். வழக்கில் ஜெயிப்பான், சரி. பையனின் சிங்கப்பூர் கம்பெனி காத்திருக்குமா?

நம் ஊருக்கென்று கூடுதலாக ஒரு தலைவலி உண்டு. கடலூரில் பெண்ணையாற்றைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் புதுச்சேரி யூனியன் பிரதேசம். அண்ணன் இந்தப் பக்கம், தம்பி அந்தப் பக்கம். பெண் கொடுத்தது பாகூர், எடுத்தது பண்ருட்டி. மெசேஜ் ஒரு போலீஸ் எல்லையில் கிளம்பி இன்னொரு போலீஸ் எல்லையில் இறங்குகிறது. குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் தகவல் கொடுக்கலாம் என்று இப்போதைய நடைமுறைச் சட்டமே சொல்கிறது. ஆகவே புகார் வாங்க ஆள் உண்டு. நீங்கள்தான் இரண்டு பஸ் மாறிப் போய் உட்கார வேண்டும்.

2024 டிசம்பர் வெள்ளம் யாருக்கும் மறந்திருக்காது. ஃபெஞ்சல் புயல் கரையேறி, சாத்தனூர் அணையைத் திறந்துவிட்டு, தென்பெண்ணை கரைபுரண்டு வந்தபோது வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீரோடு நின்றவர்களில் ஒரு நகர்க்காரர்கள் சேர்ந்து பணம் வசூலித்து மோட்டாரும் மணல் மூட்டையும் வாங்கினார்கள். வெள்ளம் வடிந்தது, கணக்கு வடியவில்லை. குரூப்பில் ஒருவர் எழுதினார்: “கணக்கு கேட்டா பொருளாளர் ஒரு மாசமா தண்ணி காட்டறார்.”

பொருளாளர் ஒரு சொட்டு தொடாதவர். ஏற்கெனவே ‘வசூல் பணத்தில் பாண்டியில் பார்ட்டி நடந்தது’ என்று ஒரு வதந்தி ஓடிக்கொண்டிருந்தது. எல்லைக்கு அந்தப் பக்கம் எதற்குப் பேர் போனது என்று நம்மூரில் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவர் ‘தண்ணி’ என்ற சொல்லை மட்டும் பார்த்தார். மூன்று பக்கத்துக்கு வக்கீல் நோட்டீஸ். ‘எனது கட்சிக்காரர் தம் வாழ்நாளில் மது அருந்தியதே இல்லை’ என்று ஆரம்பம்.

நோட்டீஸ் வாங்கியவர் என்னிடம் வந்தார். சிரித்துக்கொண்டே வந்தார் என்பதுதான் விசேஷம். “மேடம், தமிழே தெரியாதா அந்தாளுக்கு? குடிக்கிறார்னு நான் எங்க சொன்னேன்? ஏமாத்தறார்னுதானே சொன்னேன்!” குடிகாரன் என்று சொல்லவில்லை, மோசடிக்காரன் என்றுதான் சொன்னேன் என்று ஒருவர் நோட்டீஸுக்குப் பதில் கொடுக்க விரும்புகிறார். நான் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு நிமிஷம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதற்காவது சிரிக்கலாம். இனி சொல்லப்போவது எனக்கு உண்மையிலேயே எரிச்சல் மூட்டும் விஷயம். வருகிறவர்களில் பாதிப் பேர் இதைச் சொல்லாமல் நாற்காலியை விட்டு எழுந்ததில்லை: “நான் பேரைச் சொல்லலையே மேடம்! பொதுவாத்தானே போட்டேன்.”

ஜாடைப் பேச்சு நமக்குப் புதிதில்லை. மாமியார் பூனையைத் திட்டுவார், மருமகளுக்கு உறைக்கும். முன்பு அது அடுப்படியோடு முடிந்தது. இப்போது ஸ்டேட்டஸில் வருகிறது, இருபத்து நாலு மணி நேரம் நிற்கிறது. ஒரு வீட்டில் நாத்தனார் புதுக் கார் வாங்கி மாலை போட்டுப் படம் போட்டார். அன்றைக்குச் சாயங்காலம் அண்ணி ஸ்டேட்டஸ் வைத்தார்: ‘குடிக்கிறது கூழு, கொப்பளிக்கிறது பன்னீரு.’ கேட்டால் நாட்டு நடப்பைச் சொன்னாராம். கார் வாங்கிய அன்றைக்கே நாட்டு நடப்பு ஏன் நினைவுக்கு வந்தது என்று கேட்டதற்குப் பதில் இல்லை.

இது நேரடிக் கேஸ். இதைவிட மோசமானது, ஒருவருக்கு வைத்தது இன்னொருவருக்குப் போய்ப் பாய்வது. ‘ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்’ என்று ஒரு அம்மா ஸ்டேட்டஸ் வைத்தது வேலையை விட்டு நின்ற தையல்காரப் பெண்ணைக் குறித்து. அந்தப் பெண் அதைப் பார்க்கவே இல்லை; இவரை ‘மியூட்’டில் போட்டிருந்தாள். பார்த்தது ஓரகத்தி. முந்தின நாள்தான் அவர் வீட்டு விசேஷத்தில் வத்தக்குழம்பு தீய்ந்து, ‘புது அடுப்பு, தீ கட்டுப்படலை’ என்று சொல்லியிருந்தார். அடுத்த மாதம் காதுகுத்துக்கு அந்தக் குடும்பமே வரவில்லை. ஏன் என்று ஆறு மாதம் யாருக்கும் தெரியவில்லை. பாகப்பிரிவினைப் பேச்சு என் ஆபீஸுக்கு வந்தபோது, நாலாவது அமர்வில், சொத்துப் பட்டியலுக்கு நடுவில் அந்தப் பழமொழி வெளியே வந்து விழுந்தது.

பேரைச் சொல்லாவிட்டால் தப்பில்லை என்று எவர் சொன்னார் உங்களுக்கு? படிக்கிறவர்களுக்கு ஆள் யாரென்று புரிந்தால் போதும். அவதூறு பற்றிய சட்டத்தை ஒரு தடவை படித்துப் பாருங்கள். பழைய பிரிவு 499, இப்போது 356. வஞ்சப்புகழ்ச்சியாகச் சொன்னாலும் அவதூறு ஆகலாம் என்று விளக்கத்திலேயே இருக்கிறது. அதற்கு உதாரணமும் அங்கேயே. பி என்பவரின் கடிகாரம் திருட்டுப் போய்விட்டது. ஏ சொல்கிறார்: ‘இசட் நேர்மையானவர், பியின் கடிகாரத்தை அவர் திருடவே இல்லை.’ இசட்தான் திருடினார் என்று கேட்பவர்கள் நம்ப வேண்டும் என்பதற்காக இப்படிச் சொன்னால் அது அவதூறு. இன்னொரு உதாரணம்: யார் எடுத்தது என்று கேட்டபோது ஏ வாயே திறக்கவில்லை, இசட்டை விரலால் காட்டினார். அதுவும் அவதூறு. மூன்றாவது: இசட் கடிகாரத்தோடு ஓடுவதுபோல ஏ ஒரு படம் வரைந்தார். அதுவும்தான். 1860இல் எழுதிய சட்டம் இது. விரல் காட்டும் பொம்மையும் மீமும் அப்போதே கணக்கில் இருந்திருக்கின்றன என்று ஜூனியர்களிடம் வேடிக்கையாகச் சொல்வேன்.

ஒரு பழமொழிக்காக ஜெயிலுக்குப் போனவரை நான் பார்த்ததில்லை, பயமுறுத்தவில்லை. பழமொழி எல்லாம் அவதூறு ஆகிவிடாது, விதிவிலக்குகளும் இருக்கின்றன. ஆனால் ‘பேரைச் சொல்லலையே’ என்பதைக் கேடயம் மாதிரி தூக்கிக்கொண்டு வராதீர்கள். அது கேடயம் இல்லை. நீங்கள் குறிப்பாக ஒருவரைத்தான் நினைத்தீர்கள் என்பதற்கு அதுவே பாதி ஒப்புதல்.

சிரிக்கிற பொம்மை போட்டிருக்கிறேன், அதனால் தமாஷ் என்று சொல்பவர்கள் இதற்கு அடுத்த வரிசை. நீங்கள் போட்டது தமாஷுக்கு. வாங்கினவருக்கு அது ஏளனம். கும்பிடு பொம்மை பெரியவர்களுக்கு வணக்கம், சண்டைக்கு நடுவில் வந்தால் ‘போதும்டா சாமி, போ’. கட்டைவிரல் உங்களுக்குச் சம்மதம், உங்கள் மகளுக்கு அது முகத்தில் கதவைச் சாத்துவது. புதுக் கீற்றுக் கொட்டகை போட்டு டீக்கடை திறந்தவரின் படத்துக்குக் கீழே பெறாமகன் வரிசையாக ஆறு நெருப்பு போட்டிருந்தான், ‘செம’ என்ற அர்த்தத்தில். அவர் அன்று ராத்திரி கடையிலேயே படுத்துக்கொண்டார்.

பிள்ளைகள் பாஷைக்கு வருவோம். தேவனாம்பட்டினம் பீச்சில் கிரிக்கெட் போட்டி. ஒரு டீம் பையன் எதிர் டீமின் இன்ஸ்டா படத்துக்குக் கீழே ‘ஞாயிறு சம்பவம் உறுதி’ என்று போட்டு ஒரு கத்திப் படமும் சேர்த்தான். பதினெட்டு வயதுக்கு ‘சம்பவம்’ என்றால் நாலு சிக்ஸர். ஸ்டேஷனில் உட்கார்ந்திருப்பவருக்குச் ‘சம்பவம்’ என்றால் சம்பவ இடம், சம்பவ நேரம், பிணம். எதிர் டீம் பையனின் அம்மா போய்ப் புகார் கொடுத்ததில் எனக்கு ஒரு தப்பும் தெரியவில்லை. கூப்பிட்டு எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். மேட்ச் நடந்தது. சம்பவம் செய்ய இருந்தவன் முதல் பந்தில் அவுட் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

எல்லாப் பக்கமும் இப்படி நல்ல மனதோடு முடிவதில்லை. மதுரைப் பக்கம் ஒருவர் குடும்பத்தோடு சிறுமலைக்குப் போன படங்களைப் போட்டு, ‘துப்பாக்கிப் பயிற்சிக்காக சிறுமலை பயணம்’ என்று வேடிக்கையாகத் தலைப்பு வைத்தார். அரசுக்கு எதிராகப் போர் தொடுக்க ஆயத்தம் செய்ததாக வழக்கு. 2021 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் அதை ரத்து செய்தார். அரசியலமைப்பில் உள்ள அடிப்படைக் கடமைகளோடு ‘சிரிக்கும் கடமை’யையும் சேர்க்கலாம் என்று ஒரு நையாண்டி எழுத்தாளர் இந்தத் தீர்ப்பை எழுதியிருந்தால் சொல்லியிருப்பார் என்ற ரீதியில் தீர்ப்பு போகும். நான் அதை அச்செடுத்து மேஜை டிராயரில் வைத்திருக்கிறேன், சோர்வாக இருக்கும்போது படிக்க. ஆனால் அந்தத் தீர்ப்பு வருவதற்குள் அந்த மனிதரின் வீட்டில் யாராவது சிரித்திருப்பார்களா?

புண்படுத்தும் மெசேஜுக்குத் தண்டனை தந்த 66ஏ போய்விட்டதே என்று சிலர் கேட்பார்கள். ஆமாம், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் அந்தப் பிரிவை 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் அடித்துவிட்டது. 2012இல் ஒரு ட்வீட்டுக்காகப் புதுச்சேரிக்காரர் ஒருவர் கைதானது அந்தப் பிரிவில்தான். போன பிறகும் அதில் வழக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார்களா என்று 2021இல் உச்ச நீதிமன்றமே அதிர்ச்சி தெரிவித்தது. அந்த ஒரு கதவு மூடியது. 351ம் 356ம் திறந்துதான் இருக்கின்றன.

இன்னொரு கோமாளித்தனம், தமிழை ஆங்கில எழுத்தில் அடிப்பது. நம் மாவட்டத்தில் கொல்லை என்றால் வீட்டுக்குப் பின்னால் மட்டுமில்லை, முந்திரித் தோப்பும் கொல்லைதான். ‘நாளைக்குக் கொல்லைக்கு வா, பேசிக்கலாம்’ என்று ஒருவர் பங்காளிக்கு ஆங்கில எழுத்தில் அனுப்பினார். அவசரத்தில் ஒரு ‘எல்’ விட்டுப்போனது. என்னவாகப் படித்திருப்பார்கள் என்று நீங்களே உச்சரித்துப் பாருங்கள். தமிழ் விசைப்பலகை எல்லாப் போனிலும் இருக்கிறது, ஐயா. இரண்டு நாள் பழகினால் கை வந்துவிடும்.

இதையெல்லாம் சொல்லும்போது ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நான் செய்வது பாவம். எல்லா மிரட்டலும் பேச்சு வழக்கு இல்லை. பின்தொடர்ந்து வருகிறவன், முன்பே கை நீட்டியவன், நீங்கள் எத்தனை மணிக்கு எந்த பஸ்ஸில் ஏறுகிறீர்கள் என்று எழுதுகிறவன், வேண்டாம் என்று சொன்ன பிறகும் தினம் அனுப்புகிறவன்: இவன் ‘முகத்தைப் பாத்துக்கோ’ என்றால் அதற்கு அணி இலக்கணம் பார்க்காதீர்கள். உடனே 112 அல்லது பெண்கள் உதவி எண் 181. ‘சும்மா சொல்லியிருப்பான்மா, போ’ என்று எவராவது திருப்பி அனுப்பினால் எழுத்துமூலம் கொடுத்து ரசீது வாங்குங்கள். கிடைக்காவிட்டால் எஸ்.பி. அலுவலகத்துக்குத் தபாலில் அனுப்புங்கள். பெண்கள் விஷயத்தில் சொல்லை மட்டும் பார்க்காமல் சொன்னவனின் சரித்திரத்தைப் பார்க்க வேண்டும்.

மற்றவர்களுக்கு. சண்டை நடக்கும்போது உவமை வேண்டாம். பால், சங்கு, தலைமுழுக்கு, சுடுகாடு, ஆறடி என்று சாவு வாசம் அடிக்கும் சொல் ஒன்றுகூட வேண்டாம். யார், எதை, எப்போது என்ற மூன்றும் வாக்கியத்திலேயே இருக்கட்டும்; ‘ஞாயித்துக்கிழமை வர்றேன், கணக்கைப் பேசி முடிச்சுக்கலாம்’ என்று எழுத எவ்வளவு நேரம் ஆகிவிடும்? அனுப்புவதற்கு முன், முன்னும் பின்னும் இல்லாமல் அந்த ஒரு வரி மட்டும் ஒரு வெள்ளைத் தாளில், அடியில் கோடு போட்டு, உங்களை அறியாத ஒரு சப்-இன்ஸ்பெக்டர் மேசையில் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி பத்து மணிக்கு மேல் பங்காளிக்கு எதுவுமே எழுதாதீர்கள். எழுதித் தொலைத்துவிட்டால் அழிக்காதீர்கள். ‘இந்த மெசேஜ் நீக்கப்பட்டது’ என்று தெரிந்ததும் எதிராளி இன்னும் மோசமாகக் கற்பனை செய்வார். தவிர, நாளைக்கு உங்களைக் காப்பாற்றக்கூடிய முன்பின் பேச்சும் அதோடு போய்விடும். போன் செய்யுங்கள். எடுக்கவில்லையா? குரல் பதிவு அனுப்புங்கள். குரலில் நீங்கள் களைத்திருக்கிறீர்களா, கொதிக்கிறீர்களா என்பதாவது தெரியும்.

வாங்குகிறவர்களே, உங்களுக்கும் உண்டு. ஸ்கிரீன்ஷாட் எடுக்கும் முன் ‘எதைச் சொல்றீங்க?’ என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், தயவுசெய்து. புரிந்துகொண்டே புரியாததுபோல வருகிறவர்களும் இருக்கிறார்கள், தெரியும். ‘அன்னிக்கு ராத்திரி தூங்கினீங்களா?’ என்று நான் கேட்பேன். ‘ஆங், தூங்கினேனே’ என்பவரிடம் மேற்கொண்டு பேச எனக்கு ஒன்றுமில்லை. எடுத்தே ஆக வேண்டும் என்றால் மேலும் கீழும் பத்துப் பத்து மெசேஜாவது சேர்த்து எடுங்கள். வெட்டி எடுத்த தாள் கோர்ட்டில் அப்படியே நிற்காது. புதிய சாட்சியச் சட்டம் 63வது பிரிவில் சான்றிதழ் கேட்பார்கள், போனையே எடுத்து வா என்பார்கள், அப்போது வெட்டிய பகுதி வெளியே வரும்.

நெல்லிக்குப்பம் பெரியவர் விஷயத்தில் அப்படித்தான் வந்தது. அவரது போனை வாங்கி மேலே தள்ளிப் பார்த்தேன். இவர் வரிக்கு நேர் மேலே, ராத்திரி 11.40க்குத் தம்பி கேட்டிருக்கிறார்: ‘அண்ணே, இந்தப் பிரச்சினையை இன்னும் எத்தனை வருஷம் இழுக்கப் போறீங்க?’ அதற்குப் பதில்தான் அந்தப் பால். தாளில் கேள்வியைக் காணோம், பதில் மட்டும் இருந்தது.

புதன்கிழமை இரண்டு தரப்பையும் என் ஆபீஸுக்கு வரச் சொன்னேன். தம்பி வந்ததும் தலையைக் குனிந்துகொண்டார். கேள்வியைக் காட்டினேன். “எனக்குத் தெரியும் மேடம், அண்ணன் அப்படிப்பட்ட ஆள் இல்லை” என்றார். அப்புறம் எதற்குப் புகார் என்று குரலை உயர்த்தினேன், ஒத்துக்கொள்கிறேன். வெட்டியது மனைவி என்பதால் எல்லாக் கோபமும் அந்தப் பெண் பக்கம் திரும்பியது. முப்பத்தைந்து வயது இருக்கும். முந்தானையைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்துக்கொண்டிருந்தார்.

“எங்கப்பா இறந்து இன்னும் முப்பது நாள் ஆகலை” என்றார். “கடைசியில எல்லாரும் என்னைத்தான் ஊத்தச் சொன்னாங்க. சின்ன ஸ்பூன்ல. மூணு ஸ்பூன் உள்ள போச்சு. நாலாவது வாய் ஓரமா வழிஞ்சுது. ராத்திரி இவர் தூங்கிட்டார், போனை எடுத்துப் பார்த்தா பால் ஊத்திடறேன்னு இருக்கு. எனக்கு வேற எதுவும் தெரியலை. மேல இருந்ததெல்லாம் கண்ணுல படலை. அதை மட்டும் எடுத்தேன்.”

பெரியவர் எழுந்து நின்றுவிட்டார். அவருக்கு அந்தச் சாவு தெரியும், துக்கத்துக்கும் போய் வந்திருக்கிறார். எழுதும்போது நினைவில்லை. “எனக்குத் தோணலையேம்மா” என்று இரண்டு தடவை சொன்னார். அந்தப் பெண் அவர் உட்காருவதற்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். குமாஸ்தா டீ சொல்லப் போனார். நானும் எழுந்துபோய் ஜன்னல் பக்கம் கொஞ்ச நேரம் நின்றேன். வெட்டி எடுத்த தாளைப் பற்றி மேலே கடுமையாக எழுதியிருக்கிறேன் அல்லவா, அதை அப்படியே விட்டு வைக்கிறேன். மற்றவர்களுக்கு அது பொருந்தும்.

புகாரைத் திரும்பப் பெற எழுதிக் கொடுத்தார்கள். சொன்னபடி ஞாயிற்றுக்கிழமை கணக்கு பேசினார்கள், இன்று சார்பதிவாளர் அலுவலகத்தில் விடுதலைப் பத்திரம் பதிவானது. சாயங்காலம் தம்பியிடமிருந்து எனக்கு போன்.

“மேடம், பத்திரம் நல்லபடியா முடிஞ்சுது அண்ணேன்னு குரூப்ல போட்டேன். அவர் ‘சரி’ன்னு ஒத்தை வார்த்தை போட்டிருக்கார். கோவமா இருக்காரா?”

அவருக்கே போன் போட்டுக் கேளுங்கள் என்று சொல்லி வைத்தேன்.